ஊசி போட்ட பிறகுதான் வேலை ஆரம்பம்

கண்டி மாவட்டத்துத் திகன புனர்வாழ்வு வைத்தியசாலையில் மனநோயிலிருந்து தேறிவருபவர்களுக்கும் இடமுண்டு. "ஊசி போட்டாச்சு, மாத்திரை குடுத்தாச்சு, இன்னும் எதுக்குப் புனர்வாழ்வு?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். மனச்சிதைவு நோயைப் பற்றி நாம் அறியாத பாதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதல் அறிகுறிகள்

உலகில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் பதின்பருவக் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். பெண்களுக்குச் சற்றுப் பிந்தி வரலாம். உயர்தரம் படிக்கும் பிள்ளை பாடத்தைக் கைவிடுகிறது, இரவில் தூங்குவதில்லை, ஜன்னலை அடைத்துக்கொள்கிறது, பக்கத்து லயத்தார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறது. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது. நம் வீடுகளில் உடனே தேசிக்காய் வெட்டுவார்கள், நூல் கட்டுவார்கள். கட்டட்டும், ஆனால் அதே கிழமை கிளினிக்குக்கும் கூட்டிப் போகட்டும். சிகிச்சை தள்ளிப்போகப் போக, தேறுவதும் கடினமாகிறது.

வளர்ப்புச் சரியில்லாததால் வருவதல்ல இது. பரம்பரைக்குப் பங்குண்டு, ஆனால் அதுவே முடிவு செய்வதில்லை: ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்றில்லை. கஞ்சா ஆபத்தைக் கூட்டும்.

"எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கிறது"

நோயாளி குரலைப் பற்றிச் சொல்லும்போது நல்ல தாதி வாதாடுவதில்லை, ஆமாம் போடுவதுமில்லை. "எனக்கு அது கேட்கல்ல தம்பி. உங்களுக்குக் கேட்குதுன்னு விளங்குது. பயமா இருக்கா?" என்று கேட்பார். எதிரே நெருங்கி நிற்காமல் பக்கவாட்டில், கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் இருப்பார். குரல் என்ன சொல்கிறது என்றும் விசாரிப்பார். தன்னையோ பிறரையோ வெட்டு, குதி என்று ஏவினால் அவரைத் தனியே விடக்கூடாது. இந்தப் பேச்சு நோயாளியின் தாய்மொழியில் நடக்க வேண்டும். கண்டியில் தமிழ் பேசும் தாதியர் போதாது என்பது என் நீண்டகால மனக்குறை.

மருந்தும் அதன் தொல்லைகளும்

ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்றவை குரல்களையும் சந்தேகங்களையும் தணிக்கும். தினமும் விழுங்க மறுப்பவருக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசியுண்டு. இரு மருந்துகளுக்கும் கேட்காதபோது குளோசபின். அதைத் தொடங்கிய முதல் 18 கிழமைகளுக்குக் கிழமைதோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். இடையில் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உடம்பு பருப்பது, கைநடுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது எல்லாம் மருந்தால் வரலாம். வைத்தியரிடம் சொன்னால் மாற்று வழியுண்டு. சொல்லாமல் நிறுத்துவதுதான் நோய் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம்.

சோம்பேறி அல்ல

குரல் அடங்கிய பிறகு மிஞ்சுவது இன்னும் பிடிவாதமானது. குளிக்க மனமில்லை, பேச வார்த்தையில்லை, எழ உந்துதல் இல்லை. மருந்து இதை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் "தின்னுட்டுத் தூங்குறான்" என்ற பட்டம் மட்டும் உடனே கிடைத்துவிடும். இங்கேதான் புனர்வாழ்வு நுழைகிறது: ஒரு நேரத்தில் எழுவது, துணி துவைப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, தோட்டவேலை, பஸ்ஸில் காசு கொடுத்து மீதி வாங்குவது. தாதி இவற்றைத் தானே செய்துகொடுப்பதில்லை. கூட நின்று செய்யவைப்பார்.

வீட்டிலும் அப்படியே. ஓயாத குத்தல் பேச்சும் கைக்குழந்தைபோல் பொத்திவைப்பதும், இரண்டுமே, நோய் மீள்வதைக் கூட்டும் என்று இலண்டனில் 1950களில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வேலை, சுருக்கமான சொல், முடித்தால் ஒரு பாராட்டு போதும். பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் கிழமையில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். அதை அக்கா தங்கை, பெரியம்மா பகிர்ந்துகொள்ளலாம்.

அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். வீட்டில் யாருக்காவது மேலே சொன்ன மாற்றம் தெரிந்தால், அடுத்த கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.