வரி நிலுவை வந்தால் வணிகர் செய்ய வேண்டியது என்ன?



நம் கடையில் பற்று வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் சம்பள நாளில் நேரில் வந்து, "அண்ணே, இந்த மாதம் பாதி வாங்கிக்கொள்ளுங்கள், மீதி அடுத்த மாதம்" என்பார். இன்னொருவர் நம்மைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். முதலாமவருக்கு மறுபடி சரக்கு கொடுக்கிறோம். இரண்டாமவர் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம். அரசாங்கத்திற்கு நாம் பாக்கிதாரர் ஆகும்போதும் நடப்பது இதுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1990களில் வெளிமாநிலத்திற்கு முந்திரிப் பருப்பு அனுப்பினேன். வாங்கியவர் 'சி' படிவம் அனுப்பவில்லை. படிவம் இல்லாததால் சலுகை வரி கிடையாது, வித்தியாசத்தைக் கட்டு என்று உத்தரவு வந்தது. "படிவம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று உறையை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். படிவம் வந்தது, ஆனால் மேல்முறையீட்டுக் காலம் கடந்த பிறகு வந்தது. வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில், எனக்குப் பணம் தர வேண்டிய உள்ளூர் வியாபாரி ஒருவருக்கு, "அவருக்குத் தர வேண்டியதை அரசுக்குக் கட்டவும்" என்று நோட்டீஸ் போனது. பணம் போனதைவிட, கடைத்தெருவில் பெயர் போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். ஆகவே என் முதல் வார்த்தை இதுதான்: உறையைப் பிரியுங்கள்.

இன்று உறையும் வருவதில்லை. 2007 ஜனவரியில் வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. இப்போது நோட்டீஸ் கணினியில் நம் கணக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. கணக்கு எழுதுபவர் பார்க்காவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. "நோட்டீஸ் கணினியில் மட்டும் இருந்தது, நாங்கள் அறியவில்லை" என்று போன பல வழக்குகளில், வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் மறு விசாரணைக்கு வழி செய்திருக்கிறது. ஆனால் வக்கீல் செலவும் சென்னை அலைச்சலும் நம்முடையது. வாரம் ஒரு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்குச் செலவே இல்லை.

நோட்டீஸ் வந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. நாளைக் குறியுங்கள். மோசடி என்று குற்றம் சாட்டாத இனங்களில், நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லை. 2024-25 முதலான ஆண்டுகளுக்கு இது 60 நாள். ஆனால் வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தவருக்கு இந்தச் சலுகை எதிர்பார்க்க முடியாது. அது நம் பணமே அல்ல.

2. கேட்ட தொகையை இரண்டாகப் பிரியுங்கள்: நியாயமாகக் கட்ட வேண்டியது, கட்ட வேண்டாதது. நம் ஊரில் அடிக்கடி வரும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பதிவு பெற்ற வியாபாரி விவசாயியிடம் தோல் உரிக்காத முந்திரிக் கொட்டை வாங்கினால், 5 சதவீத வரியை வாங்குபவரே ரொக்கமாகக் கட்ட வேண்டும். விதிப்படி அதைப் பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். "விவசாயிக்கு ஏது வரி" என்று விட்டுவிட்டவர்களுக்குத்தான் வட்டியோடு நோட்டீஸ் வருகிறது. இத்தகைய இனத்தை ஒப்புக்கொண்டு கட்டிவிடுவதே நல்லது. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். வங்கிக் கடனைவிடக் கடுமையானது.

3. தகராறு உள்ள பகுதிக்குப் பில், லாரி ரசீது, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு எழுத்தில் பதில் கொடுங்கள். நேரில் போய்ச் சொன்னது கோப்பில் ஏறாது.

4. உத்தரவு பாதகமாக வந்தால் 3 மாதத்திற்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம் கிடைக்கும். அதற்கு மேல் இல்லை. ஒப்புக்கொண்ட தொகை முழுவதையும், தகராறு வரியில் 10 சதவீதத்தையும் கட்டினால் மீதி வசூல் நிறுத்தி வைக்கப்படும்.

5. கட்ட வேண்டியதுதான், ஆனால் கையில் பணமில்லை என்றால் தவணை கேளுங்கள். டி.ஆர்.சி.-20 என்ற படிவத்தில் விண்ணப்பித்தால், அதிகபட்சம் 24 மாதத் தவணை வட்டியோடு கிடைக்க வழி உண்டு. ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். ஆகவே முடிந்த தொகையைச் சொல்லிக் கேளுங்கள். நாமே ரிட்டர்னில் காட்டிய வரிக்கு இந்தத் தவணை கிடையாது.

இவை எதையும் செய்யாமலிருந்தால், உத்தரவு கிடைத்து 3 மாதம் கழிந்ததும் வங்கிக் கணக்கு முடக்கம், பாக்கிதாரரிடமிருந்து வசூல், சொத்து ஜப்தி என்று போகும்.

"சமாதானத் திட்டம் வரும், காத்திருப்போம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்த சமாதான் திட்டத்தில், ஜி.எஸ்.டி.க்கு முந்திய சட்டங்களின் கீழ், ஓர் ஆண்டுக்கு வரி, வட்டி, அபராதம் சேர்த்து 50,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கி முழுதும் தள்ளுபடியானது. 95,502 சிறு வணிகர்கள் பயன்பெறுவார்கள் என்று அறிவித்தார்கள். பின்னர் ஜி.எஸ்.டி.யிலும், மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத 2017-18 முதல் 2019-20 வரையிலான பாக்கிக்கு, 2025 மார்ச் 31க்குள் வரியை முழுதாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் இல்லை என்றார்கள். இரண்டிலும் பயன்பெற்றவர்கள், தன் பாக்கி எவ்வளவு என்று தெரிந்து காகிதத்தை எடுத்து வைத்திருந்தவர்களே. இரண்டும் முடிந்துவிட்டன. அடுத்தது எப்போது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வட்டியோ தினமும் ஓடுகிறது.

தனியாகப் பயந்துகொண்டு உட்கார வேண்டாம். ஆடிட்டரிடம் போங்கள், சங்கத்திற்கு வாருங்கள். நோட்டீஸ் வந்தது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. அதை இழுப்பறையில் போட்டு மூடியதற்குத்தான் நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.