பொதிகைக் காட்டுக்குப் படியளப்பவர் யார்?

பொதிகை என்றதும் தென்றலும் அகத்தியரும் நம் நினைவில் எழுவது இயல்பு. ஆயினும் திருவனந்தபுரத்தில் பயிலும் நமக்கு அம்மலையோடு இன்னும் நெருங்கிய உறவு ஒன்றுண்டு. அது நாம் பருகும் தண்ணீர். அம்மலைத் தொடரில் பிறக்கும் கரமனை ஆறு பேப்பாறை, அருவிக்கரை அணைகளில் தேங்கி இந்நகரத்துக் குழாய்களுக்கு வருகிறது. கிழக்கே இறங்கும் பொருநை நெல்லையையும் தூத்துக்குடியையும் வாழ்விக்கிறது. காடு கெட்டால் இருபுறமும் தாகந்தான். ஆகவே, அக்காட்டைக் காக்கும் திட்டம் யாது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

காடு ஒன்றே, காவல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. நெய்யாறு 1958-இலும், முண்டந்துறை 1962-இலும், களக்காடு 1976-இலும், பேப்பாறை 1983-இலும், செந்துருணி 1984-இலும் சரணாலயங்களாயின. களக்காடும் முண்டந்துறையும் 1988-இல் ஒரே புலிகள் காப்பகமாயின. இரு மாநிலங்களிலும் பரந்துள்ள ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டரை அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் என்று 2016-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

படத்தில் பார்த்தால் ஒரே பச்சை. பணப்பையோ இரண்டு. தமிழகப் பகுதி புலிகள் காப்பகமாதலால், அதன் தொடர் செலவில் பாதியை மத்திய அரசு புலிகள் திட்டத்தின் வழியாகத் தருகிறது. கேரளத்துச் சரணாலயங்களுக்கு வேறு திட்டம், வேறு ஒதுக்கீடு. எல்லைக்கோடு யானைக்குத் தெரியாது. கணக்குப் புத்தகத்துக்குத் தெரிகிறது!

இதன் விளைவை ஆரியங்காவுக் கணவாயில் காணலாம். அங்கே நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் காட்டின் குறுக்கே செல்கின்றன. பெரியாற்றுக் காட்டுக்கு விலங்குகள் கடக்கும் வழி குறுகி நிற்கிறது. இரு மாநிலமும் கூடிச் செலவிட வேண்டிய இடம் அது. வழியை மீட்க முடியாதா? முடியும். வயநாட்டுத் திருநெல்லியில் இந்திய வனவுயிர் அறக்கட்டளை, யானை வழியிலிருந்த குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடும் நிலமும் அமைத்துக் கொடுத்து, மீட்ட நிலத்தை 2015-இல் அரசிடம் ஒப்படைத்தது.

நடைபாதைக் கட்டணத்தைக் கொண்டே காட்டைக் காக்கலாம் என்பார் உளர். போனக்காட்டிலிருந்து 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குச் செல்லும் பாதையை வனத்துறை ஆண்டில் சில வாரங்களே திறக்கிறது. நாளுக்கு இத்தனை பேர் என்று வரையறுக்கிறது. உயர்நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக 2019 முதல் பெண்களும் ஏறுகின்றனர். இப்பாதை வழிகாட்டும் காணி மக்களுக்குக் கூலி தரட்டும். நமக்கு மலையறிவு தரட்டும். ஆனால் வருவாயைப் பெருக்க ஆளைப் பெருக்கினால் காடு மிதிபட்டுப் போகும்.

பின் யார் கொடுப்பது? குடிப்பவர் கொடுக்க வேண்டும் என்பேன். நியூயார்க் நகரம் 1997-இல் செய்த உடன்படிக்கையை எண்ணிப் பாருங்கள். பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, கேட்ஸ்கில் மலையில் நிலம் வாங்கவும், அங்குள்ள உழவர்க்கு உதவவும் அந்நகரம் பொருள் ஒதுக்கியது. மலையைக் காத்தது; நீரும் தெளிந்தது.

திருவனந்தபுரமும் நெல்லையும் தூத்துக்குடியும் தத்தம் தண்ணீர்க் கட்டணத்தில் சில காசுகளைப் பொதிகைக்கென ஒதுக்கினால் என்ன? அதை இரு மாநில வனத்துறையும் காணி மக்களும் அமர்ந்த ஒரே குழு செலவிட்டால் என்ன? நதிநீர் வழக்குகளில் எதிரெதிரே நிற்கும் இரு மாநிலங்கள், நதி பிறக்கும் இடத்திலாவது ஒன்றாக நிற்கலாம். இரு மொழியும் அறிந்த நாம் இக்கேள்வியை இருபுறமும் எழுப்பத் தக்கவர்கள் அல்லவா?