விசைத்தறி வீட்டிலிருந்து ஏலக் களம் வரை

ஆட்டத்துக்காக இழந்த கூலிக்கு ஈடு கேட்ட வட இங்கிலாந்து ஆலை நகரங்களின் ரக்பி கழகங்கள், 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியே பிரிந்ததிலிருந்தே, தொழிலாளர் பிள்ளைகள் ஊதியம் பெற்று ஆடும் ரக்பி லீக் வளர்ந்தது. கொங்கு நாட்டில் விளையாட்டே பிழைப்பாகும் இத்தகைய வாழ்வுக்குச் சான்று, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் விசைத்தறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜன்.

டென்னிஸ் பந்தில் பழகி 2015இல் ரஞ்சி கோப்பையில் அறிமுகமான அவரை, வீரர்களை அணிகள் ஏலத்தில் எடுக்கும் ஐபிஎல் போட்டிக்காக, 2017இல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் பந்தில் தேர்ந்த அவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒரே தொடர்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியரானார்; 2023இல் சொந்த ஊரில் மைதானமும் அமைத்தார்.