பன்னிரண்டு ஆட்டங்கள் பாக்கி. பறிபோனது மேனேஜர் பதவி

2008 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. அமெரிக்க பேஸ்பால் பருவம் முடிய மில்வாக்கி புரூவர்ஸ் அணிக்கு இன்னும் 12 ஆட்டங்களே இருந்தன. 83 வெற்றி, 67 தோல்வி. பிளேஆஃப் போட்டியில் முன்னிலையைப் பகிர்ந்துகொண்டிருந்த அணி அது. அன்று அணி நிர்வாகம் மேனேஜர் நெட் யோஸ்ட்டை வீட்டுக்கு அனுப்பியது.

தோற்றுத் துவண்ட அணி மேனேஜரை மாற்றுவது அங்கே சகஜம். ஆனால் பிளேஆஃப் இடத்தில் நிற்கும் அணி ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு அவரை நீக்குவது, வேலைநிறுத்தத்தால் பருவம் இரண்டாகப் பிளந்த 1981-ஐத் தவிர்த்தால், அதுவரை நடக்காத ஒன்று.

மேனேஜரின் வேலை என்ன?

கிரிக்கெட்டில் கேப்டன் களத்தில் எடுக்கும் முடிவுகளை பேஸ்பாலில் மேனேஜர் எடுக்கிறார். வீரர்களைப் போலவே சீருடை அணிந்து ஓரத்தில் அமர்ந்திருப்பார். யார் எந்த வரிசையில் பேட் செய்வது, களைத்த பிட்சரை (பந்தெறிபவரை) எப்போது வெளியே எடுப்பது, அவருக்குப் பதில் யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வீரர்களை வாங்குவதும் விற்பதும் அவருக்கு மேலே உள்ள ஜெனரல் மேனேஜரின் வேலை. புரூவர்ஸில் அந்த இடத்தில் இருந்தவர் டக் மெல்வின்.

ஏன் அத்தனை அவசரம்?

1982-க்குப் பிறகு, 26 ஆண்டுகளாக புரூவர்ஸ் பிளேஆஃப் வாசலை மிதிக்கவில்லை. அந்த 1982 அணியில் மாற்று கேட்சராக இருந்தவர் இதே யோஸ்ட். 2007-இல் பெரிய முன்னிலையைக் கோட்டைவிட்ட வடு ஆறவில்லை. 2008 ஜூலையில் கிளீவ்லாந்திடமிருந்து சி.சி. சபாதியா என்ற முதல்தரப் பிட்சரை வாங்கி, இந்த ஆண்டு விடுவதில்லை என்று இறங்கினார்கள். செப்டம்பரில் அணி ஆட்டம் கண்டது: 14 ஆட்டங்களில் 11 தோல்வி. பிலடெல்பியாவில் நான்கு ஆட்டங்களையும் இழந்ததில், அந்த ஊர் பிலீஸ் அணியைவிட நான்கு ஆட்டம் முன்னே இருந்தவர்கள் சமநிலைக்கு இறங்கிவிட்டார்கள்.

செப்டம்பரில் வெளியிலிருந்து வாங்கும் வீரர் பிளேஆஃபில் ஆட முடியாது என்பது விதி. வீரர்களை மாற்ற வழியில்லை. மாற்றக்கூடியது ஒரே ஒரு நாற்காலிதான். அதில் மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் டேல் ஸ்வேமை உட்கார வைத்தார்கள்.

கடைசி நாள்

செப்டம்பர் 28. மில்வாக்கியில் சிகாகோ கப்ஸுக்கு எதிராக இறுதி ஆட்டம். வழக்கமாக நான்கு நாள் ஓய்வு பெறும் சபாதியா, தொடர்ந்து மூன்றாவது முறையாக மூன்றே நாள் ஓய்வில் பந்தெறிய வந்தார். எட்டாவது இன்னிங்ஸ், 1-1. புரூவர்ஸின் ரயன் பிரான் அடித்த ஹோம் ரன் இரண்டு ரன்களைக் கொண்டுவந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸிலும் சபாதியாவே எறிந்து ஆட்டத்தை முடித்தார்: 3-1. ஆனாலும் ரசிகர்கள் எழுந்து போகவில்லை. அதே பிளேஆஃப் இடத்துக்கு மோதிய மெட்ஸ் அணி நியூயார்க்கில் தோற்றால்தான் இடம் உறுதி. அரங்கத்தின் திரையில் அந்த ஆட்டத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். மெட்ஸ் 4-2 என்று தோற்றது. ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் புரூவர்ஸ் உள்ளே நுழைந்தது.

நீக்கியதால் வென்றார்களா?

நீக்கியதுதான் அணியை உலுக்கி எழுப்பியது என்று வாதிடுபவர்கள் உண்டு. கணக்கு அதற்குத் துணை நிற்கவில்லை. யோஸ்ட்டின் கீழ் 150 ஆட்டங்களில் 83 வெற்றி. அதே விகிதத்தில் 12 ஆட்டங்களுக்கு ஆறரையைச் சற்றுத் தாண்டும். ஸ்வேமின் கீழ் வந்தது ஏழு. சரிவு தொடர்ந்திருக்கும் என்றால், அதற்கு முன் 80 வெற்றி, 56 தோல்வி என்று அணியை நடத்தியவரும் யோஸ்ட்தானே? நாள் தள்ளாமல் வந்து பந்தெறிந்த சபாதியாவின் தோளுக்குத்தான் முதல் மாலை. புரூவர்ஸுக்காக அவர் 17 ஆட்டங்களைத் தொடங்கினார். 11 வெற்றி, 2 தோல்வி.

பிளேஆஃபின் முதல் சுற்றில் பிலீஸ் அணி 3-1 என்று புரூவர்ஸை வெளியேற்றியது. அடுத்த பருவத்துக்கு நிர்வாகம் ஸ்வேமைக்கூட மேனேஜராக வைத்துக்கொள்ளவில்லை. கென் மக்காவை அழைத்து வந்தது. பன்னிரண்டு ஆட்டங்களை வைத்து ஒருவரை எடைபோட முடியாது என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் பார்க்கிறேன். யோஸ்ட்டுக்கும் அதே நியாயம் கிடைத்திருக்க வேண்டும்.

அந்த நியாயத்தை இன்னொரு ஊர் வழங்கியது. 2010-இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அவரை மேனேஜராக்கியது. தொடக்க ஆண்டுகளில் தோல்விகள் குவிந்தன. பிட்சர்களை மாற்றும் விதத்துக்காக வசவு வாங்கினார். நிர்வாகம் பொறுத்தது. 2014-இல் பட்டத்துக்கான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்ற ராயல்ஸ், 2015-இல் மெட்ஸை வீழ்த்தி, 30 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டத்தை வென்றது. அந்த வெற்றியில் யோஸ்ட்டின் பக்கத்தில் இருந்த பேட்டிங் பயிற்சியாளர், 2008-இல் அவர் நாற்காலியில் அமர்த்தப்பட்ட அதே டேல் ஸ்வேம்.