செட்டைத் தாண்டிப் போனால் கம்பனிக்கு வலிக்குமா?

எண்ணெய் விலை ஏறுகிற இரவுகளில் கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். "நாளைக்கு ஒருவரும் பெற்றோல் அடிக்காதீர்கள், ஒரே நாளில் விலை இறங்கும்" என்று அது சொல்லும். வண்ணாத்திவில்லில் இருக்கும் ஒருவர் அதை நம்பி நடந்தால் என்ன ஆகும்? புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுக்கும் களப்புக்கும் பக்கத்தில் கிடக்கும் பிரதேசம் இது. எழுவன்குளத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் ஓட்டோவில் ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கங்கேவாடியில் வள்ளத்தின் எஞ்சின் மண்ணெண்ணெய் இல்லாமல் ஓடாது. இன்றைக்கு அடிக்காத இரண்டு லீற்றரை நாளைக்கு அடித்தே ஆக வேண்டும்.

ஒருநாள் பகிஷ்கரிப்பு தோற்றுப் போவது இந்த இடத்தில்தான். 1999 ஏப்ரல் 30இல் அமெரிக்காவில் இப்படியே ஓர் அழைப்பு மின்னஞ்சல் வழியாக நாடெங்கும் பரவியது. விலை அசையவில்லை. சனங்கள் வண்டி ஓட்டுவதைக் குறைக்கவில்லை, எண்ணெய் அடிக்கும் நாளை மட்டும் மாற்றினார்கள். கம்பனியின் மாதக் கணக்கில் அந்த நாள் தெரியவே தெரியாது.

தெரிவது செட் முதலாளிக்கும் அங்கே பம்ப் பிடிக்கும் பையனுக்கும்தான். பலகையில் இருப்பது பெரிய கம்பனியின் பெயர். பெரும்பாலான இடங்களில் வியாபாரம் தரகுக்கு நடத்தும் உள்ளூர்க்காரருடையது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி கம்பனியின் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடல் நாசமானபோது, கோபம் கொண்ட அமெரிக்கர்கள் அந்தப் பெயர் தாங்கிய நிலையங்களைப் புறக்கணித்தார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனித்தனி உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. முதல் அடி அவர்களுக்கே விழுந்தது. நமது நாட்டில் இந்தத் தரகு எவ்வளவு மெல்லிய கயிறு என்பது 2025 மார்ச் தொடக்கத்தில் தெரிந்தது. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 3 சதவீதத் தரகை நிறுத்தியதும் விநியோகஸ்தர்கள் எண்ணெய்க் கட்டளை கொடுக்க மறுத்தார்கள். செட்டுகளில் மீண்டும் வரிசை நீண்டது.

இலங்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே எண்ணெய்க் கம்பனி என்றால் முதலில் வருவது நமது சொந்தக் கூட்டுத்தாபனம். 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அது பிறந்தது. அமைச்சர் ரி.பி. இலங்கரத்ன ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ கம்பனிகளின் விநியோகத்தைக் கட்டம் கட்டமாக அரசுடைமையாக்கினார். அதற்காக 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அந்தப் பெரிய கம்பனிகளை இந்த மண்ணில் அசைத்தது சட்டமே. இன்று கூட்டுத்தாபனம் நட்டப்பட்டால் சுமை திறைசேரிக்கு வருகிறது, அங்கிருந்து வரியாக நமது வீட்டுக்கு வருகிறது. 2022 நெருக்கடியில் அதன் டொலர் கடனைத் திறைசேரி ஏற்றுக்கொண்டது நினைவிருக்கும். சரி, லங்கா ஐஓசிக்கோ சினோபெக்குக்கோ மாறலாமே என்றால், வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் கைக்கெட்டிய செட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லீற்றர் விலையில் வரும் வித்தியாசமும் பெரிதாக இருப்பதில்லை.

அப்படியானால் புறக்கணிப்பே வீணா? இல்லை. 1995இல் வட கடலில் இருந்த 'பிரெண்ட் ஸ்பார்' என்ற பழைய எண்ணெய்த் தொட்டியை ஆழ்கடலில் மூழ்கடிக்க ஷெல் முடிவெடுத்தது. ஜேர்மனியில் வாகனக்காரர்கள் ஷெல் நிலையங்களைக் கடந்து அடுத்த கம்பனிக்குப் போனார்கள். விற்பனை சரிந்தது. ஜூன் 20இல் ஷெல் முடிவைக் கைவிட்டது. அங்கே எதிரி ஒன்று, கோரிக்கை ஒன்று, அடுத்த தெருவிலேயே வேறு கம்பனி. புறக்கணிப்பும் வாரக்கணக்கில் நீடித்தது. ஒன்றையும் மறைக்கக்கூடாது: தொட்டியில் மிஞ்சியிருந்த எண்ணெயின் அளவைத் தவறாகச் சொல்லிவிட்டதாக, எதிர்ப்பை முன்னின்று நடத்திய கிரீன்பீஸ் அமைப்பு பின்னர் மன்னிப்புக் கேட்டது. கைபேசியில் வரும் கணக்கை முன்னனுப்புமுன் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

மொரோக்கோவின் கதை நமக்கு இன்னும் கிட்ட வருகிறது. 2018 ஏப்ரலில் அங்கே மக்கள் ஒரு பால் கம்பனியையும், ஒரு போத்தல் தண்ணீரையும், அப்ரிகியா எண்ணெய் நிலையங்களையும் சேர்த்துப் புறக்கணித்தார்கள். மாதங்கள் ஓடின. பால் கம்பனி பணிந்து விலையைக் குறைத்தது. எண்ணெய் அவ்வளவு லேசில் மசியவில்லை. 2023 நவம்பரில்தான் அந்த நாட்டுப் போட்டிச் சபை, ஒன்பது எரிபொருள் கம்பனிகளிடம் 184 கோடி திர்ஹம் வசூலிக்கும் தீர்வுக்கு வந்தது. பாலுக்குப் புறக்கணிப்பு போதுமாக இருந்தது. எண்ணெய்க்குச் சட்டமும் வேண்டியிருந்தது.

எண்ணெய் விலையேற்றத்துக்கு நமது புத்தளம் மாவட்டக் கரையோரம் இரத்தத்தால் விலை கொடுத்திருக்கிறது. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவுக்குத் தாவியது. சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பெப்ரவரி 15இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். அந்த நாட்களில் மீனவர்களுக்கான எரிபொருள் மானியத்தை அரசு அறிவித்தது. 2022 ஓகஸ்ட்டில் அதே மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மண்ணெண்ணெய் வாங்காமல் விடுவது களப்பு மீனவருக்குப் போராட்டமாகாது, பட்டினியாகும்.

ஆகவே நாம் கையில் எடுக்கவேண்டியது சட்டம் ஏற்கனவே கொடுத்திருக்கும் வழிகளைத்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கையிருப்பை வைத்துக்கொண்டு "இல்லை" என்று விற்க மறுப்பது குற்றம். பதுக்குவதும் குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். முறைப்பாட்டை 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். எழுத்தில் கொடுப்பதானால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பம்பின் அளவில் சந்தேகம் என்றால் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்திடம் போகலாம்.

விலை ஏன் ஏறியது, அதில் வரி எவ்வளவு என்று அறிய 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கூட்டுத்தாபனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதினால், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் நமக்கில்லை. உயர் நீதிமன்றமும் எட்டாத இடமல்ல. 2008 டிசம்பரில் பெற்றோலை 100 ரூபாவுக்கு விற்கும்படி அது உத்தரவிட்டது. அரசு அதை நடைமுறைப்படுத்தவில்லை, அடுத்த மாதமே உத்தரவு முடிவுக்கு வந்தது. ஆனாலும் 2023 நவம்பரில், பொருளாதாரத்தைச் சரித்தவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மனுவுக்குக் காலக்கெடு ஒரே மாதம் என்பதால், தாமதித்தால் கதவு மூடிவிடும்.

ஓர் எச்சரிக்கை. பகிஷ்கரிப்புக்கு முதல்நாள் கலன்களில் பெற்றோலை நிரப்பி வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும், குசினி அடுப்பின் ஒரு பொறியே அதற்குப் போதும்.

அடுத்த முறை செட்டுக்குப் போகும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். திகதியும் லீற்றரும் விலையும் அதில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சங்கமாக முறைப்பாடு எழுதும் நாளில் அந்தத் துண்டுதான் சாட்சி.