தட்டணு குறைந்ததா? மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள்!

தேவர்சோலையிலிருந்து கூடலூர் வந்து, ஊட்டி சாலையில் மலையேறினால் நடுவட்டம். 1860-களில் அங்கே சிங்கோனா மரங்களைப் பயிரிட்டார்கள். அந்த மரப்பட்டையில் இருந்து எடுப்பதுதான் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. ஆனால், அதே கொய்னா சிலருக்குத் தோலுக்கடியில் ரத்தப் புள்ளிகளை உண்டாக்குகிறது என்று 1865-லேயே விபான் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் எழுதிவிட்டார்.

ஏன் அப்படி?

ரத்தம் உறைய உதவுபவை தட்டணுக்கள். 'பிளேட்லெட்' என்று சொல்கிறோமே, அவைதான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். குறிப்பிட்ட மருந்து உள்ளே போனதும், சிலருடைய உடம்பின் எதிர்ப்பு சக்தியே தட்டணுக்களை அழிக்க ஆரம்பித்துவிடுகிறது. புது மருந்து என்றால் பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களில் தெரியும். முன்பே ஒத்துக்கொள்ளாத மருந்தை மறுபடி சாப்பிட்டாலோ, சில மணி நேரமே போதும்!

கொய்னா மட்டும்தானா? இல்லை. சல்ஃபா மாத்திரைகள், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமஸெபின் என்று பட்டியல் நீளமானது. காலில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். அவர் நிறுத்தி மாற்று மருந்து தந்தால், பெரும்பாலும் ஒரு வாரத்தில் எண்ணிக்கை ஏறிவிடும்.

எண்ணில் என்ன இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது. அதன் பத்தாவது பட்டியலில், வேறொரு காரணத்தால் வந்த தட்டணுக் குறைவுக்கு 'டி 69.5'. காரணம் தெரியாவிட்டால் 'டி 69.6'. எந்த வகை மருந்து என்பதைச் சொல்ல இன்னொரு எண் சேர்க்க வேண்டும். மலேரியா மருந்து என்றால் 'ஒய் 41.2'.

"எண்ணைத் தெரிஞ்சு நாங்க என்ன பண்ணப் போறோம் டாக்டர்?" என்கிறீர்களா? மழைக்காலக் காய்ச்சலில் தட்டணு குறைந்தால், "டெங்குவா இருக்கும்" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவோம். சீட்டில் 'தட்டணுக் குறைவு' என்று மட்டும் எழுதி வீட்டுக்கு அனுப்பினால், காரணமான மாத்திரையின் பெயர் அங்கேயே தொலைந்துவிடும். இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டர் அதே மாத்திரையை எழுதுவார். அப்போது உயிருக்கே ஆபத்து. எண்ணும் கூட வகையைத்தான் சொல்லும். மாத்திரையின் பெயரை எழுத்தில்தான் வாங்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

* அதை ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்தி, எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள்.

* "நாட்டு மருந்துதானே" என்று மறைக்காதீர்கள். சித்த மருந்தோ, மூலிகையோ, எதைச் சாப்பிட்டாலும் சொல்லுங்கள். சித்த மருத்துவ நோய்ப் பெயர்களுக்கும் 2024 ஜனவரியில் உலகப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. எங்களுக்கும் பொறுப்பு கூடியிருக்கிறது.

* பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் என்று வீட்டிலேயே நாளைக் கடத்தாதீர்கள். காரணமான மருந்து தொடரும்வரை எதுவும் கைகொடுக்காது.

* மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைக்கிறீர்கள் அல்லவா? ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் எழுதிய சீட்டையும் அதனுடனேயே வையுங்கள்.