ஐந்து ரூபாய் தபால்தலையில் ஒரு கம்ப்யூட்டர்

சர்வே லேப்பில் தியோடலைட்டை ட்ரைபாடில் ஏற்றி, பபுளை நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் அரை பீரியட் போய்விடும். சிவில் பசங்களுக்கு இது நல்லாவே தெரியும். அதே கருவி அரை டன் எடையில் இருந்து, அதைக் கோயில் கோபுரத்து மேல ஏத்துங்கன்னு சொன்னா? ஏத்திப் பார்த்திருக்காங்க, நம்ம தஞ்சாவூர்ல. அந்த சர்வேக்காக இந்தியத் தபால்துறை 2004-ல் தபால்தலைகள் வெளியிட்டிருக்கிறது.

தபால்தலையில் அறிவியல் வருவது புதுசு இல்லை. 1953-ல் ரயிலுக்கும் தந்திக்கும் நூற்றாண்டுத் தபால்தலைகள் வந்தன. (தந்தி 2013 ஜூலையில் நின்றே போச்சு. தபால்தலை மட்டும் ஆல்பத்துல பத்திரமா இருக்கு.) ராமானுஜனுக்கு 1962-ல் வந்தது, அதாவது அவர் இறந்து 42 வருடம் கழித்து. சர் சி.வி. ராமனுக்கு 1971-ல், முதல் நினைவு நாளிலேயே வந்துவிட்டது. ஆர்யபட்டா செயற்கைக்கோள் 1975 ஏப்ரலில் போனது, அதே வருடம் தபால்தலையும் வந்தது. ராக்கெட்டில் கடிதம் அனுப்பிப் பார்த்த கல்கத்தாக்காரர் ஸ்டீபன் ஸ்மித்துக்குக்கூட 1992-ல் ஒன்று உண்டு. ஆனா எனக்குப் பிடிச்சது அந்த 2004 செட்தான்.

கதை ஆரம்பிப்பது சென்னையில். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கி, 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் ஏழரை மைல். முடிக்க 57 நாள் ஆனது. ஏன் இவ்வளவு பொறுமை? முக்கோணத்தில் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் சைன் விதியில் வந்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது என்று இமயமலை வரை போகலாம். முதல் கோட்டில் தப்பு நடந்தால் அந்தத் தப்பும் கூடவே இமயமலை வரை போகும்.

கோணம் அளக்க, தூரத்துப் புள்ளி கண்ணுக்குத் தெரியணும். நம்ம வளவனூர் ஏரிக்கரையில நின்னு பாருங்க, பனைமரத்தைத் தாண்டி என்ன தெரியுது? தஞ்சாவூரும் அதே மாதிரி சமவெளிதான், மலை கிடையாது. அதனால் 1808-ல் பெரிய கோயில் கோபுரத்தில் தியோடலைட்டைக் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி, அதன் கோணவட்டம் நசுங்கிப் போனது. லாம்டன் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டி நிமிர்த்தி, அதையே திரும்ப வேலைக்குக் கொண்டுவந்தார்.

2004 செட்டின் மூன்று தபால்தலைகளில் ஒன்றில் இருப்பவர் ராதாநாத் சிக்தார். 1831-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சர்வேயில் சேர்ந்த வங்காளி இளைஞர். அவர் பதவியின் பெயரே 'கம்ப்யூட்டர்'. அன்றைக்கு அது மெஷின் இல்லை, கணக்குப் போடுற ஆள். நூறு மைலுக்கும் மேலான தூரத்திலிருந்து பார்த்த கோணங்களை வைத்து '15-ஆம் சிகரம்' என்ற மலையின் உயரத்தை அவர் கணக்கிட்டார். அவ்வளவு தூரம் வரும் ஒளி, காற்றின் அடர்த்தி மாற மாற வளையும், அதனால் மலை நிஜத்தை விட உயரமாகத் தெரியும். அந்தத் திருத்தம்தான் கணக்கில் கஷ்டமான இடம். கடைசியில் கிடைத்தது 29,002 அடி. 2020-ல் அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். ரெண்டுக்கும் வித்தியாசம் ஒன்பது மீட்டர்தான். கையால போட்ட கணக்குங்க அது!

மலைக்கு வைத்த பெயர் என்னவோ எவரெஸ்ட், 1843-லேயே ஓய்வு பெற்றுப் போன முன்னாள் அதிகாரியின் பெயர். சிக்தார் 1870-ல் இறந்தார். சர்வே துறையின் கையேட்டுக்கு அவர் எழுதிக்கொடுத்த கணிதப் பகுதிகளுக்காக, முந்தைய பதிப்புகளின் முன்னுரையில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். 1875 பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். கணக்கை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அந்தத் தபால்தலையின் விலை 5 ரூபாய். 2004-ல் அது ஒரு சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம்.